அஞ்சும் நாய்க்கு அபய தானம்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். பசித்தவர்க்கு உணவும் பிணியுற்றவர்க்கு மருந்தும் ஈவதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. அபயம் என்னும்போது மட்டும் நம் எண்ணம் கசாப்புக் கடைக்குக் கொண்டுபோகப்படும் ஆட்டை விலை கொடுத்து மீட்பதோடு நின்றுவிடுகிறது. அது நற்செயலே. ஆயினும், கொல்லப்படாத உயிரெல்லாம் அச்சம் நீங்கிய உயிர் ஆகிவிடாது. உண்டு உறங்கி யாதொரு குறையுமின்றி வாழ்வதாக நாம் எண்ணும் வீட்டு நாய், நாள் முழுதும் நடுக்கத்திலேயே கிடக்கக் கூடும். எங்கள் இல்லத்தில் அவ்வாறு ஒன்று கிடந்தது. அதன் அச்சத்தைப் போக்கும் முறையை நாங்கள் பிழைகள் பல செய்த பின்னரே கற்றோம். அப்பிழைகளையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணி நிமித்தமாக வந்து சங்கரன்கோவிலில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. நாய்க்குப் பெயர்போன வட்டாரம் இது. வடக்கே இராசபாளையம், அவ்வூர் நாயின் உருவத்தை இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு அஞ்சல்தலையாகவே வெளியிட்டது. கோவில்பட்டிக் கரிசல் பக்கத்திற்குச் சிப்பிப்பாறையும் கன்னியும் உரியவை. முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட மெலிந்த, விரைந்தோடும் இனங்கள் அவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவ்வேட்டைக்கு இடமில்லை. நாய்கள் மட்டும் காவலுக்கும் பெருமைக்குமாகத் தொடர்ந்து வளர்க்கப்படுகின்றன. இவற்றின் வீரத்தைப் பேசாத தேநீர்க்கடை இங்கில்லை. இவற்றின் அச்சத்தைப் பேசுவோரை நாங்கள் கண்டதில்லை.

எங்களிடம் வந்தது எட்டு மாதம் நிரம்பிய கன்னி இனப் பெண் நாய். கரிய உடல், புருவங்களின்மேல் பழுப்புப் பொட்டு. அப்பொட்டினாலேயே அதற்குப் ‘பொட்டு’ என்று பெயரிட்டோம். அதுவரை ஓலைக் கொட்டகை ஒன்றில், சோறிடும் ஒருவரையன்றி வேறெவரையும் காணாமல் கட்டப்பட்டுக் கிடந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓயாமல் ஓடும். தறிக்கூடத்தின் பின்கட்டில் பிறந்த தெரு நாய்க் குட்டிகள் அவ்வோசையின் நடுவே அயர்ந்து உறங்கும். பொட்டுவோ அதே ஓசையைக் கேட்டு முற்றத்து மூலையில் ஒடுங்கிற்று. துடைப்பத்தை எடுத்தால் சிறுநீர் கழித்தது. விருந்தினர் வந்தால் குரைத்துக்கொண்டே பின்வாங்கிற்று. காவலுக்கு உகந்த நாய் என்று அதைக் கண்டோர் பாராட்டினர், நாங்களும் நம்பினோம்.

முற்றத்தைக் கெடுத்ததற்காகச் செய்தித்தாளைச் சுருட்டி அதை அடித்தோம். பழகட்டும் என்று தறிக்கூட வாயிலுக்கு இழுத்துச் சென்று கட்டினோம். அங்கே அது சிறிது நேரம் துள்ளிப் பின் அசையாமல் படுத்துவிட்டது. அச்சம் தெளிந்துவிட்டது என மகிழ்ந்தோம். அந்த ஆண்டின் தீபாவளி விடியலில் முதல் சரவெடி வெடித்ததும் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் கழித்து இருப்புப்பாதை ஓரத்துப் பாலத்தடியில் கண்டெடுத்தோம். அன்றிரவு எங்கோ ஒரு வெடி மீண்டும் வெடிக்கவே, அது கட்டிலடியில் புகுந்துகொண்டது. வீட்டின் இளைய பையன் இரக்கப்பட்டுக் கழுத்துப்பட்டையைப் பற்றி வெளியே இழுக்க முனைந்தான். அவன் கையில் பல் ஆழப் பதிந்தது.

காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கி, உரிய நாள்களில் முழுவதும் போட்டு முடித்தோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், காயம் சிறு கீறலேயானாலும் இதில் சுணக்கம் கூடாது. நாய்மீது கொண்ட அன்பு இதற்குக் குறுக்கே வருதல் பெருந்தீங்கு.

கடித்த நாயைக் கோவில்பட்டிச் சாலையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பெரியவர் சிலர் கூறினர். குழந்தை உள்ள வீடு. அவர்கள் சொல்லில் நியாயம் இல்லையென்று கூற இயலாது. பாட்டியார் மட்டும் ஒன்றும் சொல்லாமல், கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த பையனுக்குச் சீவக சிந்தாமணிக் கதையைச் சொன்னார். அந்தணர் உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் போகும் நிலையிலிருந்த நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதியதும், அந்நாய் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்து அவனுக்கு உற்ற துணையானதும் வாசகர்கள் அறிந்தவையே. கதையைக் கேட்ட பையன், “அடிக்கிறதுக்கு முன்னாலேயே அவர் வந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டான். பாட்டியார் விடை கூறவில்லை. நாய் வீட்டிலேயே இருந்தது.

நாங்கள் அணுகிய கால்நடை மருத்துவர் முதலில் செய்தது, பொட்டுவின் செவி, பல், மூட்டு ஆகியவற்றைச் சோதித்ததே ஆகும். உடலில் நோவுள்ள நாய் ஓசைக்கு மிகுதியாக அஞ்சும், தொட்டால் சீறும். வெண்ணிற நாய்களிடையே பிறவிச் செவிடு நேர்வதுண்டு. இராசபாளையம் நாய்களிலும் இது காணப்படுகிறது. செவி கேளாத நாய், உறங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும்; அதைப் பொல்லாத நாய் என்பது அறியாமை. பொட்டுவுக்கு நோய் ஏதும் இல்லை. அதற்கு இருந்தது அச்சம் ஒன்றே என்றார் அவர்.

ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் என்னும் நான்கு சஞ்ஞைகள் எல்லா உயிர்க்கும் பொது என நம் நூல்கள் கூறுகின்றன. பசியைப் போலவே பயமும் உயிரின் இயல்பில் உள்ளது. பசித்த நாயை அடித்தால் பசி தீராது என்பதை உணரும் நாம், அஞ்சிய நாயை அடித்தால் அச்சம் தீரும் என்று மட்டும் எவ்வாறோ நம்பிவிடுகிறோம்.

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்த ஐந்து அதிசாரங்களை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தோம். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், ஊணும் நீரும் மறுத்தல். வண்டி மாட்டுக்கு உரியவை என்றே இவற்றை நாங்கள் படித்திருந்தோம். வட்டாரத்தில் வழங்கும் நாய்ப் பயிற்சி முறைகளை எண்ணிப் பார்த்தபோது ஐந்தும் அங்கே இருக்கக் கண்டோம். குறுஞ்சங்கிலியில் நாளெல்லாம் கட்டுதல், பிரம்பு, இளம் நாயைப் ‘பணிய வைக்க’ப் பட்டினி போடுதல் ஆகியன வெளிப்படை. வாலையும் செவியையும் அழகுக்காக வெட்டுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். தன் அச்சத்தையும் நட்பையும் பிற நாய்க்கும் மனிதர்க்கும் அறிவிக்க நாய்க்கு உள்ள மொழியே வாலும் செவியும்தாம். மிகைச்சுமை எது? தாங்கவொண்ணாத அச்சத்தை உயிரின்மேல் ஏற்றுவதும் மிகைச்சுமையே என்பது எங்கள் துணிபு. தறிக்கூட வாயிலில் பொட்டுவைக் கட்டியபோது நாங்கள் ஏற்றியது அச்சுமையே. நாட்டின் சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அடித்துத் துன்புறுத்துவதையும், மிகக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும், எந்நேரமும் கட்டி வைத்த நாயை உலவ விடாதிருப்பதையும் குற்றம் என்கிறது.

அன்று பொட்டு அசையாமல் படுத்ததன் பொருளை விளங்கிக்கொள்ள ஓர் ஆய்வைக் குறிப்பிடுதல் வேண்டும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்னும் இருவர், தப்ப வழியில்லாத நிலையில் மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பின்னர் வழி திறந்திருந்த போதும் தப்ப முயலாமல் கிடந்ததைக் கண்டனர். இத்தகைய சோதனைகளை நாம் ஒருபோதும் ஏற்க இயலாது. எனினும் அவ்வுயிர்கள் பட்ட துன்பம் காட்டிய உண்மையைப் புறக்கணித்தல் அவற்றுக்கு இரண்டாவது கேடாகும். அசையாமல் கிடக்கும் நாய் தெளிந்த நாய் அன்று. நம்பிக்கை அற்றுப்போன நாயாகவும் இருக்கலாம். போர்த்துகல் நாட்டில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, தண்டித்துக் கற்பிக்கப்பட்ட நாய்களிடம், பரிசளித்துக் கற்பிக்கப்பட்டவற்றைக் காட்டிலும் மன உளைச்சலின் அறிகுறிகள் மிகுதி என்றும், பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு கூடுதலாக உயர்ந்தது என்றும் காட்டியது.

தறியோசை தெருக் குட்டிகளைத் தீண்டாமல் பொட்டுவை மட்டும் வாட்டியது ஏன்? ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர்கள் பல்லாண்டு நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனம் உலகை ஏற்கும் பருவம் எனக் கூறினர். அப்பருவத்தில் மனிதர், ஓசை, பிற விலங்கு ஆகியவற்றை இனிதாகக் கண்ட குட்டி அவற்றுக்குப் பின்னர் எளிதில் அஞ்சாது. இருட்டில் கட்டப்பட்ட குட்டி யாவற்றுக்கும் அஞ்சும். வீரம் வளரும் என்றெண்ணி வேட்டை நாய்க்குட்டியை ஆள் முகம் காட்டாமல் வளர்க்கும் வழக்கம் நேர்மாறான பயனையே தருகிறது. குட்டி வாங்குவோர் இப்பருவத்தை வீணாக்காதிருப்பாராயின், இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது.

பருவம் தவறிய நாய்க்கும் வழி உண்டு. அவ்வழியை முதலில் தெளிவுறக் காட்டியது நாயன்று; ஒரு குழந்தை. முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் மூன்று வயதை எட்டாத சிறுவனை, மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், அவன் விரும்பும் உணவை உண்ணும் வேளையில் முயற்கூண்டைத் தொலைவில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்து, முடிவில் முயலைத் தானே தடவிக் கொடுக்கும்படி செய்தார். 1924ஆம் ஆண்டு இது வெளியாயிற்று. நாய்க்கும் இதுவே முறை. அஞ்சும் பொருளைச் சிறிதாக்கித் தொலைவில் நிறுத்துவது முதற்படி. அது தோன்றும்தோறும் இனியது ஒன்று தொடர்ந்து வரச் செய்வது அடுத்தது.

இதில் வரிசை முதன்மையானது. நாங்கள் தடுமாறிய இடமும் இதுவே. பையன் முதலில் தின்பண்டத்தைக் காட்டி, பொட்டு அருகில் வந்தபின் கைப்பேசியில் வெடியோசையை எழுப்பினான். நான்கே நாளில் அது பனீர்த் துண்டைக் கண்டாலே ஓடத் தொடங்கிற்று. தின்பண்டம் வெடிக்கு முன்னறிவிப்பு ஆகிவிட்டது! ஓசை முன்னும் உணவு பின்னும் வர வேண்டும். அப்பொழுதுதான் ஓசை உணவின் முன்னறிவிப்பாகும். பாவ்லவ் என்னும் உருசிய அறிஞரின் ஆய்வுக்கூடத்திலும் ஒலி முதலில், உணவு அடுத்து என்பதே முறையாக இருந்தது.

மற்றொன்று, அச்சத்தின் எல்லையை அறிதல். நடுங்குவதும் வாலைக் கால்களிடையே ஒடுக்குவதும் எல்லோர்க்கும் தெரியும். அதற்கு முன்பே நாய் பலவற்றைச் சொல்லிவிடுகிறது. உறக்கமின்றிக் கொட்டாவி விடும், பசியின்றி உதட்டை நக்கும், முகத்தை வேறுபுறம் திருப்பி விழி வெண்மை தெரியக் கடைக்கண்ணால் நோக்கும், முன்காலொன்றை உயர்த்தி நிற்கும், ஓடாமலே இளைக்கும். விரும்பிய உணவையும் வாங்க மறுக்குமாயின் எல்லை கடந்துவிட்டது. அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டுத் தொலைவைக் கூட்ட வேண்டும். பையனைக் கடிக்குமுன் பொட்டு இவற்றுள் நான்கைக் காட்டியிருந்தது என்பதைப் பின்னர் நினைவு கூர்ந்தோம். உறுமலும் அதன் மொழியே. உறுமியதற்காக அடிவாங்கும் நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

கைப்பேசியில் வெடியோசையை, எங்கள் காதுக்கே எட்டாத அளவு தாழ்த்தித் தொடங்கினோம். நாயின் செவி நம்மினும் மிக நுண்ணியது. நாம் நொடிக்கு 20,000 அதிர்வு வரையே கேட்போம், நாய் ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். ஒவ்வோர் ஓசைக்குப் பின்னும் ஒரு துண்டு. நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்திற்கு மேல் இல்லை. ஒரு வாரம் முழுதும் அது கலங்காவிடின் ஒலியை ஒரு படி உயர்த்தினோம். கலங்கினால் இரண்டு படி தாழ்த்தினோம். தறிக்கூடத்தையும் தெருமுனையிலிருந்து தொடங்கி, பன்னிரண்டு வாரத்தில் வாயிலை அடைந்தோம். துடைப்பத்தை முற்றத்தில் படுக்க வைத்து அதன்மேல் பொரிகடலை தூவியதைக் கண்டு அயலார் நகைத்தனர். இறைச்சியின்றி நாயைப் பழக்க முடியுமா என்று சிலர் கேட்பர். பனீர், தேங்காய்ச் சில்லு, உப்பில்லாத வேர்க்கடலை, இட்டலித் துண்டு ஆகியவை போதியனவாக இருந்தன. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுப்பவை. அவை நம் இல்லங்களில் புழங்காதது நாய்க்கும் நன்மையாயிற்று. திராட்சை, உலர்திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதைக் குழந்தைகளிடம் சொல்லிவைத்தல் வேண்டும்.

கட்டிலடி பொட்டுவுக்கே உரிய இடம் என்று வீட்டில் விதி செய்தோம். அங்கிருக்கும்போது எவரும் அழைக்கவோ தொடவோ குனிந்து நோக்கவோ கூடாது. தானே நாடி வந்தால் தடவிக் கொடுக்கலாம். அஞ்சிய நாயைத் தேற்றினால் அச்சம் வளரும் என்று சிலர் கூறுவது தவறு. அச்சம் என்பது பரிசுக்காகச் செய்யும் செயலன்று. இம்முறைகளாலும் தணியாத கடும் அச்சத்திற்குக் கால்நடை மருத்துவர் மருந்து தருவார். அதுவும் ஔடத தானமே. மனிதர்க்குரிய மாத்திரையை நாமே பிட்டுக் கொடுத்தல் மட்டும் கூடாது.

தெரு நாய்களைப் பற்றியும் ஒரு சொல். கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா அவர்களின் குழுவினர், தெருவில் வாழும் நாய்களிடம் அறிமுகமற்ற மனிதர் மீண்டும் மீண்டும் பழகும்போது, உணவைக் காட்டிலும் தடவிக் கொடுத்தலே மிகுந்த நம்பிக்கையை வளர்த்தது என்று 2017ஆம் ஆண்டு கண்டறிந்தனர். சோறிட்டுவிட்டுக் கல்லும் எறியும் தெருக்களில் வாழும் உயிர்கள் அவை. அவற்றுக்கு அரியது எதுவென்று அவற்றுக்கே தெரியும் போலும். இதைப் படித்துவிட்டு அறியாத நாயின் தலைமேல் எவரும் கை வைத்துவிட வேண்டா. பக்கவாட்டில் நின்று, கண்ணை உற்று நோக்காமல், அது வந்து முகரும் வரை காத்திருத்தல் நன்று. குழந்தைகள் அதையும் செய்யலாகாது.

பட்டாசைப் பொறுத்தவரை, 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு நேர வரம்பு விதித்ததைத் தொடர்ந்து, தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் எனக் குறித்தது. சிவகாசிக்கு அண்மையில் உள்ள எங்கள் ஊரில் இவ்வரம்பு எவ்வளவு காக்கப்படுகிறது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். எனினும் நாயை உலவவிட்டு வீடு திரும்ப வேண்டிய பொழுதைக் கணிக்க அது உதவும்.

பொட்டுவுக்கு உண்மையான சோதனை தீபாவளிக்கு முன்பே, ஆடித்தபசு அன்று வந்தது. கோமதியம்மன் தபசுக் காட்சி காண ஊர் கொள்ளாக் கூட்டம். பிற்பகலிலேயே அதை உலவவிட்டு, சோறிட்டு, உள்ளறைச் சன்னலை அடைத்துக் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டோம். கழுத்துப்பட்டையில் எங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடும் இருந்தது. முதல் அதிர்வெடிக்கே அது கட்டிலடியில் புகுந்தது. நடுங்கியது, இளைத்தது. ஒன்பது மாத உழைப்பு வீணாயிற்றோ என்று எண்ணினோம். பையன் கட்டிலுக்கு இரண்டு முழத் தொலைவில் சுவரை நோக்கி அமர்ந்துகொண்டான். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் திரும்பிப் பாராமலே ஓர் இட்டலித் துண்டைத் தனக்குப் பின்னால் வைத்தான். நான்கு துண்டுகள் அப்படியே கிடந்தன. அரைமணி கழிந்து மற்றொரு வெடி. முதலில் மூக்கும், பின்னர் புருவத்துப் பொட்டும் வெளியே தெரிந்தன. ஐந்தாவது துண்டை எடுத்துக்கொண்டு அது உள்ளே போயிற்று. பையன் அப்போதும் திரும்பவில்லை, ஆறாவதை வைத்தான்.